பேட்ஜ் கஜா

அத்தியாயம் 9

பன்னிரண்டு மணிக்குக் காரை வெட்டிவிடுவார்கள் என்று விஜி போனில் சொன்னபோது மணி பத்தே கால். நாங்கள் இருந்தது அம்பத்தூர் ஓ.டி.யில். கார் கிடந்தது செம்பரம்பாக்கத்துப் பழைய இரும்பு யார்டில். நடுவில் பூந்தமல்லி என்று ஒரு ஊர் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்கே தனியாக அரை நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மேடம், இறக்கை இருந்தா நேரத்துக்குப் போயிடலாம்," என்றேன்.

அருள்மொழி மேடம் சிரிக்கவில்லை. சாவியை என் பக்கம் தள்ளினார். மூன்று நாளாக என் ஜோக் எதற்கும் அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குகள் அப்படியொன்றும் தரம் குறைந்துவிடவில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

மேடம் பதிமூன்று வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். இடித்த வண்டி, எரிந்த வண்டி, இடிக்காமலேயே இடித்ததாகச் சொல்லப்பட்ட வண்டி என்று எல்லாவற்றையும் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர். ஒரு நாள் திடீரென்று அந்த வேலையை விட்டுவிட்டு, டிபன் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் ஜெபா. ஆபீசின் மொத்த ஊழியர் கூட்டமும் நான்தான். ஆம்னி வேனை ஓட்டுவது, டீ வாங்குவது, கேட்கக் கூடாத நேரத்தில் கேள்வி கேட்பது ஆகிய மூன்றும் என் பொறுப்பு.

விஜி எங்களிடம் வந்தது மூன்று நாளைக்கு முன்பு. குடோன் ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசர். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, நேராக ஷிப்டிலிருந்து வந்திருந்தாள். பையிலிருந்து கையெழுத்துப் பக்கம் விட்டுப்போன ஒரு பழைய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எங்க நைனா பேரு கஜபதி. டிங்கர் வேலை. எஸ்டேட்ல யாருக்கும் கஜபதின்னா தெரியாது. பேட்ஜ் கஜான்னா தெரியும்."

எனக்குத் தெரிந்திருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் வளர்ந்த பையன்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் சைக்கிளில் போகும்போது பின்னாலேயே ஓடி, "பேட்ஜ் கஜா, எனக்கொரு பேட்ஜ்" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அதை விஜியிடம் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

கதை இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கஜபதியும் அவருடைய சிநேகிதர் அய்யாசாமியும் பூந்தமல்லியில் ஒரு கொட்டகையிலிருந்து பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார்கள். இரண்டு பேருடைய அப்பன்மாரும் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர்கள் எஸ்டேட்டில் ஷெட் போட்டு மேலே வந்தவர்கள். ஷெட் அய்யாசாமியுடையது, கை கஜபதியுடையது. கார் 1964-ம் வருஷத்து பாண்டியாக் ஜி.டி.ஓ. அமெரிக்காவில் வேகத்துக்குப் பேர் போன முதல் சில கார்களில் ஒன்று. இரண்டு வருஷம் தட்டி, நிமிர்த்தி, பெயின்ட் அடித்தார்கள். கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் வாங்க ஒப்புக்கொண்டார். இன்சூரன்ஸுக்காக சர்வேயர் வந்து பார்த்தார். சேஸிஸ் நம்பர் லெ மான்ஸ் என்கிற சாதாரண மாடலுடையது, அதில் ஜி.டி.ஓ. பேட்ஜை வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ரிப்போர்ட் வந்தது.

போலீஸ் கஜபதியிடம், பேட்ஜ் நீ வைத்ததா என்று கேட்டது. ஆமாம் என்றார். ஆறு மாதம் உள்ளே இருந்தார். அய்யாசாமியின் ஷெட் போனது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. கார், கேஸ் சொத்து என்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, போன மாதம் இரும்பு விலைக்கு ஏலம் போனது.

"டூப்புன்னா டூப்புன்னு சொல்லிடுங்க மேடம்," என்றாள் விஜி. "நைனா எதுவும் சொல்ல மாட்டாரு. அவரு ஏமாத்தினாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அந்த வண்டிய அறுத்துட்டாங்கன்னா அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது."

"இந்த மாதிரி அமெரிக்கன் காரை நான் தொட்டதில்லம்மா. ஆனா பார்க்கறேன்," என்றார் மேடம். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் கிடந்தபடியே பார்த்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு யார்டுக்குள் வேனைத் திருப்பினேன். சுற்றிலும் குடோன்கள், பிளாட் போட்ட கற்கள். நடுவில் நசுங்கிய வண்டிகளின் குவியல். கேஸ் கட்டரோடு ஒரு ஆள் தயாராக நின்றார். அவருக்கு முன்னால் கையை விரித்தபடி விஜி நின்றுகொண்டிருந்தாள். யார்டு மேனேஜர் சரண் கடிகாரத்தையே பார்த்தார்.

"பத்து நிமிஷம்தான் மேடம். பன்னெண்டுக்கு மேல எனக்கு லோடு போகணும்."

காரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேகத்துக்குப் பேர் போனது இப்போது நாலு செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் செடி முளைத்திருந்தது. ஒரிஜினல் எஞ்சின் அந்தக் காலத்திலேயே போய்விட்டதாம். பெட்ரோல் குடிக்கிறது என்று யாரோ டீசல் எஞ்சினை இறக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் பெரிய வெளிநாட்டுக் கார் எல்லாவற்றுக்கும் நடந்த ஆபரேஷன்தான். பிறகு அந்த டீசல் எஞ்சினும் காணாமல் போயிருந்தது.

மேடம் நேராக இடது பக்கக் கதவைத் திறந்தார். கீழே குனிந்து, கீல் இருக்கும் தூணில் துருவைத் துணியால் துடைத்தார். சின்னத் தகடு ஒன்று தெரிந்தது. மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் தினமும் நூறு பேர் செய்கிற வேலை. நம்பர் தாளில் வெள்ளையாக ஏறியது. ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த பழைய பென்சில் பிரதியும் இதுவும் ஒன்றுதான்.

"அதே கார்," என்றார். "நம்பர் லெ மான்ஸ் நம்பர்தான்."

விஜியின் முகம் விழுந்தது. "அப்ப டூப்பு."

"இல்ல. முதல் வருஷம் ஜி.டி.ஓ.வுக்குன்னு தனி நம்பரே கிடையாது."

"அது எப்படி மேடம், பேர் வெச்சவங்க நம்பர் வெக்க மாட்டாங்களா?" என்றேன்.

"வெச்சா மாட்டிப்பாங்க. நடுத்தர சைஸ் கார்ல பெரிய எஞ்சின் போடக் கூடாதுன்னு அவங்க மேலிடத்துல ஒரு விதி. பாண்டியாக் ஆளுங்களுக்கு ஆசை. புது மாடல்னு கொண்டுவந்தா மேலிடத்துல அனுமதி கேக்கணும். அதனால லெ மான்ஸ் காரையே வித்தாங்க. கூடுதலா வேணும்னா ஜி.டி.ஓ. சாமான்னு லிஸ்ட்ல ஒரு வரி. அந்த வரியில பெரிய எஞ்சின் உள்ள வந்துடுச்சு. அஞ்சாயிரம் போகும்னு நெனச்சது முதல் வருஷமே முப்பதாயிரத்தைத் தாண்டிடுச்சு. அப்புறம் மேலிடம் என்ன சொல்லும்?"

எனக்கு உடனே புரிந்தது. புரிகிற விஷயம் சாப்பாட்டு விஷயமாக இருந்தால் எனக்குச் சீக்கிரம் புரியும்.

"மசால் தோசை போடாதேன்னு முதலாளி சொல்லிட்டாரு. மாஸ்டர் சாதா தோசைன்னு பில் போட்டு, உள்ள கிழங்கை வெச்சு மடிச்சுட்டாரு."

"அதேதான். பில்லைப் பார்த்தா எப்பவும் சாதா."

"அப்ப பில்லை வெச்சு மசால்னும் சொல்ல முடியாது, சாதான்னும் சொல்ல முடியாது. கடிச்சுப் பார்க்கணும். கிழங்கு இருந்த இடத்துலதான் செடி முளைச்சிருக்கே."

மேடம் வலது பக்கம் போனார். முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டில் ஒரு பேட்ஜ் மட்டும் மிச்சம் இருந்தது. ஜி.டி.ஓ. 6.5 லிட்டர் என்று ஆங்கிலத்தில் எழுத்து. அது நம் எஸ்டேட் சரக்கு என்று எனக்கே தெரிந்தது. பித்தளை. எழுத்துகள் பஸ் போர்டு எழுத்து மாதிரி தடியாக இருந்தன.

"இது லோக்கல். சந்தேகமே இல்ல," என்றார் மேடம். "ஸ்க்ரூடிரைவர் கொடு."

பேட்ஜ் கழன்றது. அதன் பின்னால் மூன்று கம்பிகள். ஒன்று நேராக இருந்தது. மற்ற இரண்டும் கொஞ்சம் பக்கவாட்டில் வளைக்கப்பட்டு, நுனி அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. மேடம் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏமாத்தறவன் முதல்ல பேட்ஜ் செய்வான்," என்றார் மெதுவாக. "அப்புறம் அதுக்கு ஏத்த இடத்துல ஓட்டை போடுவான். ஓட்டை போடறது சுலபம். எதுக்குக் கம்பியை வளைச்சுக் கஷ்டப்படணும்?"

"ஓட்டை முன்னாடியே இருந்திருக்கு," என்றாள் விஜி. எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். டிங்கர் மகள்.

மேடம் டார்ச்சை ஓட்டைக்குள் அடித்தார். மேலே கஜபதி அடித்த சிவப்பு. அதற்குக் கீழே பழைய நீலம், அதற்கும் கீழே வேறு கலர் இல்லை. நீலம் தகட்டின் மேலோடு நிற்கவில்லை, வழிந்து ஓட்டையின் உள்விளிம்பு வரைக்கும் போய் உறைந்திருந்தது. பெயின்ட் அடித்த பிறகு ஓட்டை போட்டால் பெயின்ட் வெட்டுப்பட்டிருக்கும். இது ஓட்டை போட்ட பிறகு அடித்த பெயின்ட். அதாவது இந்த ஓட்டைகள் அமெரிக்காவில் ஃபாக்டரியில் போட்டவை. இந்த வண்டி பிறக்கும்போதே அந்த பேட்ஜோடு பிறந்திருக்கிறது.

"மட்கார்டை மாத்தியிருந்தா?" என்றார் சரண். அவரும் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்.

"இதுக்கு மாத்து மட்கார்டு எந்தக் கடையில கிடைக்கும் சார்? பாடியிலயா, புதுப்பேட்டையிலயா?" என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, கேஸ் கட்டர்காரரை டீ குடிக்க அனுப்பினார். இரும்பு விலையில் கிடந்த வண்டியை இப்போது வேறு கண்ணோடு பார்த்தார்.

விஜி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அழுதாள். ஐ.டி. கார்டை முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். கேஸ் முடிந்தது, ஜெயித்துவிட்டோம். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் முகம் தோற்றவர் முகமாக இருந்தது.

விஜி முன்னால் ஸ்கூட்டியில் போனாள். நாங்கள் வேனில் பின்தொடர்ந்தோம். கஜபதியின் வீடு ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில். பூந்தமல்லி சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேக்காதன்னா கேக்காம இருப்பியா?"

"இந்த மாதிரி காரைத் தொட்டதில்லன்னு விஜிகிட்ட சொன்னீங்க. நம்ம ஊர்ல சேஸிஸ் நம்பர் தேடற எவனும் முதல்ல பானெட்டைத் தூக்குவான். நீங்க பானெட் பக்கமே போகல. நேரா இடது கதவு, நேரா கீல். எங்க இருக்கும்னு கை தானா போச்சு."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் நகர்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ரிப்போர்ட் நான் எழுதினது," என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

"இருபத்தாறு வயசு. நம்பரைத் தேய்ச்சேன், புத்தகத்துல பார்த்தேன், லெ மான்ஸ்னு இருந்தது. நான் பார்த்த பக்கத்து பேட்ஜ் லோக்கல். ஏமாத்து வேலைன்னு எழுதிட்டேன். நமக்கு நம்பர்தான் சாமி ஜெபா. வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்கவே இல்ல."

"தெரியாமப் பண்ணது மேடம்."

"ஒரு நாள் பல் டாக்டர் கிளினிக்ல உக்காந்திருந்தேன். அங்க ஒரு பழைய கார் பத்திரிகை. அதுலதான் இந்தக் கதையைப் படிச்சேன். நம்பர் எதையும் சொல்லாதுன்னு தெரிஞ்சுது. பல்லைக் காட்டாமலேயே எழுந்து வந்துட்டேன்."

"எப்ப?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

அவர் சர்வே வேலையை விட்டதும் அப்போதுதான். இத்தனை நாள் கூட இருந்து, நான் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"சொன்னா நான் எழுதின மத்த ரிப்போர்ட்டை எல்லாம் தோண்டுவாங்கன்னு பயம். அப்புறம், அவரே பேட்ஜ் வெச்சதா ஒத்துக்கிட்டாரேன்னு ஒரு சமாதானம். அதைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டிட்டேன். இன்னிக்கு எதுக்குப் போனேன் தெரியுமா? அந்த ஓட்டை புதுசா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுப் போனேன். அவர் ஏமாத்துக்காரரா இருந்தா நான் தப்பிச்சேன்."

ஆவடி செக்போஸ்டைத் தாண்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தேன்.

"ரிப்போர்ட் எழுதினது நீங்கன்னு சொல்லிடுங்க. ஆனா போன வாரம்தான் விஷயம் தெரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியும்? அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கஜபதி வீட்டு வாசலில் ஒரு ஸ்டீல் பீரோவின் கதவைத் தரையில் போட்டு ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி வேலை யாரும் தருவதில்லை, பீரோதான் என்று விஜி சொல்லியிருந்தாள். அறுபத்து நாலு வயது. சட்டை போடாத உடம்பு, கையில் மரச் சுத்தி. என்னைப் பார்த்தார். எஸ்டேட் பையன் என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்த மாதிரி காட்டவில்லை.

"வாம்மா. வண்டிய அறுத்துட்டானுங்களா?"

"இல்ல நைனா." விஜி அந்தப் பித்தளை பேட்ஜை அவர் கையில் வைத்தாள். "வண்டி ஒரிஜினலாம். ஓட்டைய பாத்து மேடம் கண்டுபுட்ச்சிட்டாங்க."

அவர் பேட்ஜைத் திருப்பிப் பார்த்தார். வளைந்த கம்பியை விரலால் தடவினார்.

"ஒரு பக்கத்துது வாங்கும்போதே இல்ல. மொட்டையா இருந்திச்சு. லேத்துல குட்த்து நான்தான் அடிச்சேன். போலீசு நீ வச்சதான்னு கேட்டான். நான் வச்சதுதானே, ஆமான்னேன். மேல ஒண்ணும் கேக்கல." பேட்ஜைக் கீழே வைத்தார். "அப்பால அந்த ரிப்போர்ட்ட படிச்சிக் காட்டுனாங்க. படிச்சவங்க எழுதிக்கிறாங்க. நானே நம்பிட்டேம்மா. பூந்தமல்லிக்காரன் நம்மள ஏமாத்திட்டான், நான் அய்யாசாமிய ஏமாத்திட்டேன்னு. இத்தினி வருசமா அதான் நெனச்சிகினு கீறேன்."

மேடம் நின்றுகொண்டே இருந்தார். விஜி கொண்டுவந்த நாற்காலியில் உட்காரவில்லை.

"அதை எழுதினது நான்," என்றார்.

விஜி கையிலிருந்த தண்ணீர் சொம்பு அப்படியே நின்றது. கஜபதி அண்ணாந்து பார்த்தார். வெயில் கண்ணில் பட்டதால் கையை நெற்றியில் வைத்து, முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஆமா. பேண்ட் போட்டுகினு ஒரு பொண்ணு வந்துச்சு. நீயா அது." "சின்னப் பொண்ணு அப்ப நீ. தெரியாம எழுதிட்ட. இன்னா பண்றது. கைவேலைன்னா தப்பு வரும். எனக்கும் வந்துகீது."

எனக்கு மூச்சு வந்தது. இத்தோடு அத்தியாயத்தை முடித்துவிடலாம் என்று தோன்றியது. வேன் சாவியை எடுத்துவிட்டேன்.

விஜி விடவில்லை. "எப்ப தெரிஞ்சுது மேடம், அது தப்புன்னு?"

நான் மேடத்தைப் பார்த்தேன். போன வாரம் என்கிற இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் அந்த மனுஷன் எழுந்து காபி போடச் சொல்வார். சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அன்று கெஞ்சினேன்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி," என்றார் மேடம்.

கஜபதி சுத்தியைத் தரையில் வைத்தார். விரல்விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து இன்னொரு கையில் ஒரு விரல் வரைக்கும் போய் நிறுத்தினார்.

"அய்யாசாமி செத்து ஆறு வருசம் ஆவுது."



"அப்ப நடுவுல அஞ்சு வருசம். அஞ்சு வருசம் அவன் உயிரோட கீறான், உனக்கு விசயம் தெரிஞ்சிகீது." குரல் உயரவில்லை. கணக்கைச் சரிபார்க்கிற குரல்தான். "அப்ப நானும் அண்ணனூர்லதான் இருந்தேன், ஸ்டேசன்ல டெய்லி பாப்பேன். நான் ஏறுற ரயில் பொட்டில அவன் ஏற மாட்டான். பக்கத்துப் பொட்டிக்கு நட்ந்து போவான். முட்டி வலி வந்தப்பறம்கூட நட்ந்து போவான். சாவுக்கு ஆள் அனுப்பி சொன்னாங்க. நான் போவல. இன்னா மூஞ்சிய வச்சிகினு போறது."

"மன்னிச்சிடுங்க," என்றார் மேடம். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"அத்த என்னாண்ட கேட்டு இன்னா ஆவப் போவுது."

அவர் எழுந்து உள்ளே போனார். விஜி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். நான் கிளம்பலாமா என்று மேடத்திடம் ஜாடை காட்டினேன். அவர் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கஜபதி வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"அவன் பொஞ்சாதி குப்பம்மா அண்ணனூர்லதான் கீது. வா. நான் சொன்னா நம்பாது. நீ சொல்லு. அந்தப் பதினோரு வருசத்தையும் சேத்து சொல்லு."

"சொல்றேன்," என்றார் மேடம். பிறகு, சின்னப் பெண் மாதிரி கேட்டார். "கேட்டுட்டு அவங்க என்னை வாசலோட துரத்திட்டாங்கன்னா?"

கஜபதி செருப்பை மாட்டினார். வேனுக்கு நடந்து, கதவைத் தானே திறந்து, ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"தொரத்தட்டும்," என்றார். "இருவது வருசமா நான் அந்த ஊட்டுக்குள்ள கால் வச்சதில்ல. உன்ன வெளிய தொரத்திச்சின்னா, என்ன உள்ள வான்னு கூப்புடும்."